1,800 டொலரை எடுத்து வைப்பதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் சிற்றுண்டிக் கடையும் கேட்டரிங்கும் நடத்துகிறேன். நிரந்தரமாக 11 பேர், சனி ஞாயிறுகளில் மாணவர்கள் 5 பேர், கோடைக் கலியாணக் காலத்தில் இன்னும் 4 பேர். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி எங்கள் இணையத்தளம் சரியில்லை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் டொலர் அபராதம் வரும் என்று ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். 1,800 டொலர் கொடுத்தால் தளத்தைத் திருத்தி, அரசாங்கப் படிவத்தையும் நிரப்பி, சான்றிதழும் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் சட்டமும் படிவமும் மட்டும்தான் உண்மை. ஒன்ராறியோ மாகாணத்தின் இந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், சுருக்கமாக ஏ.ஓ.டி.ஏ., 2005இல் வந்தது. ஒரேயொரு பணியாளர் இருந்தாலும் அது உங்களையும் கட்டும். ஒரு லட்சம் டொலர் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனம் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்தால் நாளொன்றுக்கு விதிக்கக்கூடிய உச்சத் தொகை. அந்த உச்சத்தைச் சொல்லித்தான் பாதிப்பேரிடம் காசு பறிக்கிறார்கள்.

இணையத்தளம் பற்றிய விதி 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு உரியது. உங்களுக்கு இல்லை. சான்றிதழோ, அதைவிடப் பெரிய கதை. இந்தச் சட்டத்தின் கீழ் கடைகளுக்கு அரசாங்கம் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. அவர் தரப்போவது அவருடைய பிரிண்டரில் அடித்த தாள்.

உங்களுக்கு உண்மையில் பொருந்துவது அந்தப் படிவம்தான். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சட்டப்படி நடக்கிறோமா என்று சொல்லும் இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். கடந்த கெடு 2023 டிசம்பர் 31, அடுத்தது 2026 டிசம்பர் 31.

எண்ணுவதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பகுதிநேரக்காரர் இருவரைச் சேர்த்து ஒருவர் என்று எண்ணக்கூடாது, தலைக்குத் தலை எண்ண வேண்டும். பருவகால வேலையாட்களும் சேர்த்தி, ஒப்பந்தப் பணியாளர்களும் சேர்த்தி. ஒரே கம்பனிக்கு மார்க்கம் நகரில் இன்னொரு கடை இருந்தால் அங்குள்ளவர்களும் சேர்த்தி. கையில் காசாகக் கொடுக்கிறேன், அதனால் அவர் கணக்கில் இல்லை என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். கணக்கில் இல்லாதது அவருடைய வரி, ஆள் அல்ல! விட்டுவிடக்கூடியவர்கள் இரண்டு வகை: சம்பளமில்லாத தொண்டர்கள், தன் சொந்தத் தொழிலாகச் செய்து உங்களுக்குப் பில் போடுபவர்கள். பனி அள்ள வருபவர் இந்த இரண்டாம் வகை. கலியாணக் காலத்தில் உங்கள் சட்டையைப் போட்டு, நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து பரிமாறும் அந்த நான்கு பேரும் உங்கள் பணியாளர்கள்தான். ஆக 11, 5, 4. சரியாக 20. அறிக்கை கொடுங்கள்.

அதற்குக் கட்டணம் இல்லை. ஒன்ராறியோ அரசின் தளத்தில் உங்கள் ஒன்பது இலக்க வணிக எண்ணைப் போட்டு நிரப்பலாம். நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் உள்ளவர்தான் உறுதிப்படுத்த வேண்டும், அதாவது நீங்கள். இடைத்தரகரின் உண்மையான ஆபத்தும் இங்கேதான். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று அடித்துவிட்டு அவர் போய்விடுவார். அறிக்கையில் பொய்த்தகவல் கொடுப்பது இதே சட்டத்தில் குற்றம், மாட்டப்போவது நீங்கள். வணிக எண்ணையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

'ஆம்' என்று போடுவதற்கு முன் செய்ய வேண்டியது, எல்லோருக்கும் இந்தச் சட்டம் பற்றிய பயிற்சி. மாணவர்களுக்கும் உண்டு, தொண்டர்களுக்கும் உண்டு. இலவசப் பாடங்கள் இணையத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைக்கின்றன. ரொறன்ரோவைச் சுற்றி இத்தனை தமிழ்க் கடைகள் இருந்தும், ஒரு கடைக்காரருக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுத அமைச்சுக்கு மனம் வரவில்லை. 2025 ஜனவரி 1க்குள் முழு மாகாணத்தையும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையில்லாததாக மாற்றிவிடுவோம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த நாளும் போய்விட்டது, படிகள் அப்படியே இருக்கின்றன. முன்னாள் துணைநிலை ஆளுநர் டேவிட் ஒன்லி, தானே மின்சார ஸ்கூட்டரில் நடமாடிய மாற்றுத்திறனாளி, 2019இலேயே இதைக் கடுமையாக எழுதிக் கொடுத்தார். பிறகும் நமக்கு வருவது படிவம்தான்.

சரி, பயிற்சியில் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது நாய் விஷயம். கடைகளில் பிரச்சினை பெரும்பாலும் இதில்தான் வெடிக்கிறது. பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு வந்தால் 'சாப்பாட்டுக் கடை, நாய் கூடாது' என்று திருப்பி அனுப்பக் கூடாது. உணவு பரிமாறும், விற்கும் இடத்துக்கு அது வரலாம். சமைக்கும் இடத்துக்குள் மட்டும் விடக்கூடாது. சேவை நாய் என்று அதன் அங்கியிலோ வார்பட்டியிலோ தெரிந்தால் கடிதம் கேட்கத் தேவையில்லை. தெரியாவிட்டால் மருத்துவர், தாதி போன்ற பதிவுபெற்ற ஒருவரின் கடிதம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். வருத்தம் என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தால் அவருக்கு வேறு மேசை கொடுங்கள்.