வெடித்த வேப்பந்துண்டுகள்

கேள்வி: மார்கழி மழையில் சாய்ந்த வேம்பின் அடிமரத்தை மரக்காலையில் கொடுத்து, நான்கு அங்குலத் தடிப்பில் வட்டத் துண்டுகளாக அறுப்பித்து, முக்காலி செய்வதற்காக மாடியில் வெயிலில் பரப்பினேன். ஒரு கிழமைக்குள் பாதித் துண்டுகள் வெடித்துவிட்டன. கடைக்காரர் தந்த வெடிப்புத் தடுப்பு எண்ணெயும் பயன்படவில்லை. வேறு எதைப் பூசலாம்? – விவசாயி, உரும்பிராய்

பதில்: எதைப் பூசலாம் என்பதற்கு முன், மரத்தைக் குறுக்கே அறுக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது, வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே முழு வட்டத் துண்டின் சுற்றளவு அதன் ஆரத்துக்குப் போதாமற்போய், விளிம்பு எங்காவது பிளக்கவே பார்க்கும். அந்த இழுவையைப் போத்தல் எண்ணெய் தடுக்காது. அதை விற்றவர் ஒரு பச்சைத் துண்டையாவது காயவைத்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே.

வெடிக்கும் இடத்தை மரத்திடம் விடாமல் நாமே குறித்துக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமானவன். அறுத்த அன்றே, விளிம்பிலிருந்து மையம் வரை, முழுத் தடிப்பையும் ஊடறுத்துக் கைவாளால் ஒரு வெட்டுப் போடுங்கள். காயக்காய அந்த வெட்டு வாய் விரியும். மற்றப் பக்கங்கள் பெரும்பாலும் தப்பும். நன்கு காய்ந்தபின் அதே வேம்பின் காய்ந்த கட்டையில் சீவிய ஆப்பைப் பசையிட்டு இறக்கி, மேலே இழைத்துவிடலாம். தச்சர்கள் சிலர் இதை ஒட்டுவேலை என்று முகஞ்சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் துண்டுகளில் ஒரு வெடிப்பு மையம் வரை போயிருந்தால், அதையே இந்த வெட்டாகக் கொள்ளுங்கள்.

இரு முகங்களிலும் உருக்கிய மெழுகோ பழைய எனாமல் பெயின்றோ பூசினால் ஈரம் மெதுவாக வெளியேறும். ஆனால் அதையும் அறுத்த அன்றே பூசியிருக்க வேண்டும். சீமெந்துத் தளத்தில் கிடந்தால் மேல்முகம் மட்டும் முந்திக் காய்ந்து கிண்ணம்போல வளையும். ஆதலால் வெயிலும் சோளகக் காற்றும் நேரே படாத கொட்டிலில், ஒரே தடிப்புள்ள சட்டங்களை இடையில் வைத்து அடுக்குங்கள். ஒரு துண்டின் நிறையைத் திகதியோடு அதன்மீதே எழுதி, மாதமொரு தடவை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்ற பிறகே உளி வைக்கலாம். இந்தத் தடிப்புக்குப் பல மாதங்கள் செல்லும். வாடை மழையில் நிறை சற்று ஏறுவதும் உண்டு.

அடிமரம் மிச்சம் இருந்தால், மையத்தை விலக்கி நெடும் பலகைகளாக அறுப்பியுங்கள். காய்ந்த பலகைகளை ஒட்டி வட்டமாக வெட்டினால் முக்காலித் தட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.