கேலி என்று எல்லாவற்றுக்கும் போடலாமா?

கேள்வி: ஒரு ஆங்கில நகைச்சுவைத் தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். பாரடி, சட்டயர், சர்காஸம், மிமிக்ரி என எது வந்தாலும் ‘கேலி’ என்றே போட்டிருந்தேன். சரிபார்ப்பவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். எதற்கு எந்தச் சொல்?

பதில்: கேலி தப்பான சொல் இல்லை. மளிகைக் கடை மஞ்சப்பை மாதிரி, எதைப் போட்டாலும் கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் வெளியே தெரியாது.

முதலில் பாரடி. எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு ஒரு பத்திரிகை அடிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “நிகழும் மங்களகரமான மழைக்காலத்தில், எங்கள் தெருவின் ஏகபுத்திரன் திருவளர்செல்வன் பள்ளத்துக்கு மூன்றாம் ஆண்டு நிறைவு விழா நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்து, விழுந்து, எழுந்து செல்லுமாறு அன்புடன் அழைக்கிறோம்.” கல்யாணப் பத்திரிகையையே பார்த்திராதவருக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தெரிந்த ஒரு மூலத்தின் நடையை அப்படியே எடுத்து வேறொன்றுக்கு மாட்டிவிடுவதுதான் பகடி. 2010இல் வந்த ‘தமிழ்ப்படம்’ தமிழ் சினிமாவின் தேய்ந்துபோன காட்சிகளை வைத்தே விளையாடியதால், அது பகடிப் படம்.

ஆனால் அந்தப் பத்திரிகை மூன்று வருடமாகப் பள்ளத்தை மூடாதவர்களையும் குத்துகிறது அல்லவா? அந்தக் குத்துக்குப் பெயர் அங்கதம். சட்டயருக்கு அதைத்தான் போட வேண்டும். ஒரே துணுக்கில் இரண்டும் இருக்கலாம். உங்கள் காட்சியில் பேச்சு, மூலத்தின் நடையைப் பற்றியதா, குத்துப்பட்டவரைப் பற்றியதா என்று பார்த்து எழுதுங்கள். பேராசிரியர் பாத்திரம் பேசினால் அங்கதம் பொருந்தும். டீக்கடையில் பேசினால் நையாண்டி போதும்.

அங்கதம் நேற்று உருவாக்கிய கலைச்சொல் இல்லை. தொல்காப்பியமே அதைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கிறது. நேராகத் திட்டினால் முதல் வகை, பழியை ஒளித்துச் சொன்னால் இரண்டாவது. ஒளிப்பதில் ஔவையாரை மிஞ்ச ஆளில்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவன் ஆயுதங்களைப் பார்க்கிறார். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலில் பத்திரமாக இருக்கின்றனவாம். எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். நீ போருக்கே போனதில்லை என்று வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை!

சர்காஸமும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி. ‘தேவர் அனையர் கயவர்’ என்ற குறளைப் பள்ளியில் இதற்காகவே படித்தோம். அதற்காகச் சப்டைட்டிலில் வஞ்சப்புகழ்ச்சி என்று போட்டுவிடாதீர்கள், தமிழ்த் தேர்வு வாசனை அடிக்கும். அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்கு வருபவரிடம் “வாங்க சார், விடியறதுக்குள்ள வந்துட்டீங்களே” என்றால் அவர் திருப்பிக் கேட்பது “நக்கலா?” என்றுதான். நக்கல், குத்தல் இரண்டில் ஒன்று எப்போதும் கைகொடுக்கும்.

மிமிக்ரியை மிமிக்ரி என்றே விடலாம். பலகுரல் என்றால் குரல் மட்டும்தான், நடை உடை பாவனை அதில் வராது. பாட்டி திட்டும்போது பேரன் பின்னால் நின்று அதே மாதிரி வாயைக் கோணுவான் பாருங்கள், அது மிமிக்ரியும் இல்லை, பழிப்புக் காட்டுவது. அழகு காட்டுவது என்றும் சொல்வோம்.

நண்பர்களுக்குள் என்றால் கலாய்ப்பது, ஓட்டுவது. ஏளனத்திலும் இளக்காரத்திலும் நட்பு கிடையாது, எதிராளியை மட்டம் தட்டும் காட்சிக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தொடர் இலங்கைக்கும் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பகிடி என்றால் சாதாரண ஜோக், ராகிங்குக்குப் பகிடிவதை என்று பெயர். நீங்கள் பாரடி என்ற பொருளில் பகடி போட்டால் அவர்கள் வெறும் தமாஷ் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் ‘அந்தப் படத்தைப் பகடி செய்கிறான்’ என்று மூலத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் வராது.