கல்லுக்கு எதற்குக் கைமரம்?

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு எல்லோரா போயிருந்தோம். பத்தாம் குகையில் புத்தரின் தலைக்கு மேலே, கூரை நெடுக விலா எலும்பு போல வளைந்த கைமரங்களைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அவை எதையும் தாங்கவில்லை, மலையே கூரையாக இருக்கிறது. பிறகு எதற்கு இந்த வீண்வேலை? மரக் கட்டடத்தைப் பார்த்து அப்படியே செய்ததைத் தவிர வேறு தெரியாதவர்கள் என்று கொள்ளலாமா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கவனித்தது சரி. ‘வீண்வேலை’யைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் குகையை அங்கே ‘சுதார் கா ஜோப்டா’ என்பார்கள். தச்சன் குடிசை என்று பொருள்.

லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் பாஜா இருக்கிறது. எல்லோராவின் பத்தாம் குகைக்கு எண்ணூறு ஆண்டுகளாவது மூத்த பௌத்த சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். உள்ளே 27 தூண்கள், எட்டுப்பட்டை, அலங்காரம் ஏதுமில்லை. எல்லாமே உட்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. மரத்தில் கட்டும்போது வளைந்த கூரை கம்பங்களை வெளியே தள்ளும். அதனால் உள்நோக்கிச் சாய்த்து நடுவார்கள். குடைந்த மலையில் அந்தத் தள்ளலே கிடையாது, ஆனாலும் சாய்த்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் உள்ள கார்லேயில் தூண்கள் நிமிர்ந்துவிட்டன. ஆனால் கூரையை ஒட்டியுள்ள வளைவுகள் அசல் தேக்கு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன! எல்லோராவுக்கு வரும்போது அந்தத் தேக்கும் கல்லாகிவிட்டது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

கார்லே வாசலில் ஒரு சிறு கல்வெட்டு உண்டு. அந்த வாசலைச் செய்தவன் தேனுகாகடத்தைச் சேர்ந்த சாமி, வேணுவாசனின் மகன் என்கிறது. அவன் தொழிலையும் சொல்கிறது: ‘வடகி’, அதாவது தச்சன். கல் வாசலைச் செய்தவன் தச்சன்! இதைப் படித்த பிறகு என்னால் அந்த வளைவுகளை வெறும் நகல் என்று பார்க்க முடிந்ததில்லை. கைமரம் இல்லாத கூரை அவனுக்குக் கூரையாகவே தோன்றியிருக்காது. வெயிலும் மழையும் கரையானும் தின்றுவிட்ட அக்கால மர மண்டபங்கள் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிவதே இவர்களால்தான்.

பௌத்தர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஒடிசாவின் உதயகிரியில் சமணர்களுக்காகக் குடைந்த அறைகளின் வாசல்மேலும் அதே வளைவு உண்டு.

நம் பக்கம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகப் பெருமையோடு வெட்டிவைத்தான். அங்கே கைமரம் இல்லைதான். ஆனால் அடுத்த தலைமுறைகளில் மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் கூரைவேய்ந்த குடிசையாகவே நிற்கிறது. பீம ரதத்தின் மேலே வண்டிக்கூடு போல வளைந்த கூரை.

உங்கள் ஊரிலிருந்து முசிறி வழியாகச் சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயிலுக்கு ஒருநாள் போய் வாருங்கள். சோழர் காலத்துக் கற்றளி. சுவருக்கு மேலே வளைந்து இறங்கும் கூரை விளிம்பான கபோதத்தில் இலாட வடிவில் சின்னச் சின்ன வளைவுகள் இருக்கும். ‘கூடு’ என்பார்கள். பாஜாவில் மண்டபத்தின் முகப்பு முழுவதையும் அடைத்து நிற்கும் அந்தப் பெரிய வளைவுதான், இங்கே கைக்கடக்கமாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.