ஓடிபி வரல, ஆனா அம்மா ரேகைல பணம் போயிடுச்சு, என்ன பண்றது?

கேள்வி: சார், அம்மா பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்ல பூ கட்டி விக்கிறாங்க. செவ்வாக்கிழமை மத்தியானம் அக்கவுண்ட்ல 10,000, அப்புறம் 7,000 போயிருக்கு, ஸ்டேட்மெண்ட்ல ஏஇபிஎஸ்னு, அதாவது ஆதார் நம்பரும் விரல் ரேகையும் வெச்சு ஏஜெண்ட் மெஷின்ல பணம் எடுத்ததா இருக்கு. புதன்கிழமை பேங்க்ல போய்ச் சொன்னா "ரேகை விழுந்திருக்கே, நாங்க என்ன பண்றது"ன்னுட்டாங்க. ரேஷன் கடை மெஷின்ல அம்மா விரல நாலு தடவை தொடைச்சு வெச்சாதான் சார் ரேகை விழும். போன மாசம் வீட்டுப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணோம்.

பதில்: இன்னிக்கு வியாழன், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பேங்க்ல எழுத்துல கம்ப்ளைண்ட் குடுங்க, வாயால சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. நம்ம தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம மூணாவது ஆள் பண்ண மோசடின்னா, மெசேஜ் வந்த நாள விட்டுட்டு மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு ஒரு பைசா நஷ்டம் கெடையாது, ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கை அது. நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா சாதா சேவிங்ஸ்ல ஒவ்வொரு தடவைக்கும் 10,000 வரைக்கும் நம்ம தலைல விழும், அதாவது அம்மாவோட 17,000மும் போச்சு. அதான் இவ்ளோ அவசரப்படுத்துறேன். ஒரு காப்பில சீல், தேதி போட்டு வாங்காம கெளம்பாதீங்க.

"ரேகை விழுந்திருக்கு"ங்கறது பதிலே இல்லம்மா. வாடிக்கையாளர் தப்புன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான். பத்திரத்துல இருக்குற ரேகைய சிலிக்கான்ல அச்செடுத்து பணம் எடுத்த கேஸ் 2023ல பெங்களூர்லயே வந்துச்சு. இதுவும் அதுதான்னு இப்பவே சொல்ல முடியாது, சந்தேகம்னு எழுதுங்க. எந்த ஊர்ல, எந்த ஏஜெண்ட் மெஷின்ல எடுத்தாங்கன்னு கேட்டும் எழுதுங்க. ஆதார் சைட்ல அம்மா நம்பருக்கு எப்ப, எந்த நிறுவனம் ரேகை கேட்டுச்சுன்னு ஆறு மாச ஹிஸ்டரி கெடைக்கும், பிரிண்ட் எடுத்து சேருங்க, அந்த நேரத்துல அம்மா கடைல பூ கட்டிட்டு இருந்தாங்கன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்வாங்கல்ல.

சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு இப்பவே அடிங்க, அங்க குடுக்குற புகார் நம்பரையும் பேங்க் கம்ப்ளைண்ட்ல போடுங்க. அடுத்தவங்க ரேகைய திருடி யூஸ் பண்றது தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் பிரிவு 66சி, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பேங்க் பத்து வேலை நாள்ல பணத்த அக்கவுண்ட்ல வரவு வெக்கணும், முப்பது நாள் பதிலே இல்லன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மன் கிட்ட போலாம், ஃபீஸ் கெடையாது.

பின் நம்பர்னா மாத்திக்கலாம், விரல மாத்த முடியுமா? அதனால எம்ஆதார் ஆப்ல இன்னிக்கே அம்மா பயோமெட்ரிக்க லாக் பண்ணுங்க. ரேஷனுக்குப் போற அன்னிக்கு மட்டும் அன்லாக் பண்ணிக் குடுங்க, இல்லன்னா அங்க விழாது.