வாசகர் கேள்வி பதில்: 30/60/25ன்னா என்ன?

கேள்வி: வேலைக்காக டல்லாஸ் வந்து மூணு மாசம் ஆச்சு சார். செகண்ட் ஹேண்ட் கார் ஒண்ணு வாங்கி இன்சூரன்ஸும் போட்டாச்சு, பேப்பர்ல 30/60/25ன்னு இருக்கு, டெக்சாஸ்ல இது போதும்னு ஏஜென்ட் சொல்றார். நாளைக்கு நானே எங்கயாவது இடிச்சுட்டா காரை ரிப்பேர் பண்ண காசு வருமா?

பதில்: சல்லிக்காசு வராது. ஏஜென்ட் பொய் சொல்லல, போலீஸ் நிறுத்துனா காட்டுறதுக்கு அது போதும்தான், ஆனா அந்த மூணு நம்பரும் உங்களுக்கானது இல்ல, நீங்க இடிக்கிற ஆளுக்கானது. அடிபட்ட ஒருத்தருக்கு 30,000 டாலர் வரைக்கும், எத்தனை பேருக்கு அடிபட்டாலும் மொத்தமா 60,000, அவங்க கார், வேலி மாதிரி பொருளுக்கு 25,000, அவ்ளோதான். இப்ப நீங்க போய் 50,000 டாலர் புது கார் ஒண்ண நொறுக்கிட்டீங்கன்னு வைங்க, கம்பெனி 25,000 குடுத்துட்டு ஒதுங்கிக்கும், மீதிய உங்ககிட்ட கேட்டு கோர்ட்டுக்கே போகலாம். ஆஸ்பத்திரி பில்லு பத்தி சொல்லவே வேணாம், அங்க 30,000 எல்லாம் ரெண்டு நாள்ல காலி ஆயிடும். என்னக் கேட்டா லிமிட்ட 100/300 ஆக்குங்க, அதாவது ஒருத்தருக்கு 1,00,000, மொத்தமா 3,00,000 டாலர், பிரீமியம் மூணு மடங்கெல்லாம் ஏறாது.

நீங்க இடிச்சு உங்க கார் ரிப்பேருக்கு காசு வரணும்னா கொலிஷன்ங்கிற கவரேஜ் தனியா எடுக்கணும். திருட்டு, ஆலங்கட்டி மழைக்கு காம்ப்ரிஹென்சிவ், டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி கார் கூரையவே குழி குழியா ஆக்கிடும். லோன்ல வாங்கியிருந்தா பேங்க்கே ரெண்டையும் எடுக்கச் சொல்லியிருக்கும், நீங்க கைக்காசு போட்டு வாங்கியிருப்பீங்க போல, அதான் யாரும் சொல்லல. இன்னொண்ணு, இன்சூரன்ஸே இல்லாதவன் வந்து இடிச்சா காப்பாத்துற அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் கவரேஜ். டெக்சாஸ்ல அது வேணாம்னா எழுத்துல குடுக்கணும், கையெழுத்து போட்ட பேப்பர்ல அப்படி வேணாம்னு எழுதியிருக்கான்னு ஒரு தடவ பாருங்க.

கேள்வி: அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுக்கு மாறலாம்னு இருக்கேன், இதே பாலிசி ஓடுமா?

பதில்: சுத்திப் பாக்கப் போனா ஓடும், பெரும்பாலான பாலிசி போற ஸ்டேட்டோட மினிமத்துக்கு தானா ஏறிக்கும். குடியே போனா ஓடாது, 20 நாளுக்குள்ள வண்டிய அங்க ரிஜிஸ்டர் பண்ணணும், பாலிசியையும் மாத்தணும். அங்க ரொம்ப காலமா 15/30/5தான் இருந்துச்சு, 5,000 டாலருக்கு இப்ப ஒரு பம்பர் மாத்துறதே பெரும்பாடு. 2025 ஜனவரியிலதான் 30/60/15 ஆக்குனாங்க.

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயர்ல இன்சூரன்ஸே வேணாமாமே, நெஜமா?

பதில்: நெஜம்தான், கட்டாயம் இல்ல. ஆனா இடிச்சுட்டா நஷ்டத்த கட்ட வசதி இருக்குன்னு காட்டணும், இல்லன்னா லைசென்ஸே போயிடும். அங்கயும் நிறைய பேரு இன்சூரன்ஸ் எடுத்துத்தான் ஓட்டுறாங்க.