திரையில் சிறுமிகள்: கேள்வி-பதில்

கே: சிறுமிகள் கவர்ச்சியாக ஆடும் ‘க்யூட்டீஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தைத் தடை செய்திருக்க வேண்டாமா? படம் பார்க்கவில்லை, போஸ்டர் பார்த்தேன்.

ப: போஸ்டரைப் பார்த்துப் படத்துக்குத் தீர்ப்பா? 2020-ல் அந்தப் போஸ்டரை வெளியிட்டதும், திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டு மாற்றியதும் நெட்ஃப்ளிக்ஸ். சிறுமிகளை இப்படி ஆடவைக்கும் உலகத்தைச் சாடத்தான் இயக்குநர் மைமூனா டூகூரே படம் எடுத்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடைசி நடனப் போட்டியில் கேமரா பிள்ளைகளை விட்டு நகர மறுக்கிறது. கூட்டம் முகம் சுளிப்பதையும் காட்டுகிறார். அதை மட்டும் காட்டியிருக்கலாம். ஆடியவர்கள் நிஜமான சிறுமிகள்.

கே: ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தால் தீர்ந்ததா?

ப: இல்லை. அது படம் பார்க்க வருபவரின் வயது. நடித்த பிள்ளையின் வயதைக் கேளுங்கள்.

கே: அம்மாவே கையெழுத்துப் போட்டபிறகு நமக்கென்ன?

ப: எத்தனை தடவை பதில் சொன்னாலும் இந்தக் கேள்வி மட்டும் ஓய்வதில்லை. ஹாலிவுட் நடிகை ப்ரூக் ஷீல்ட்ஸுக்குப் பத்து வயதில் எடுத்த, எடுத்திருக்கவே கூடாத சில புகைப்படங்களுக்கு அம்மா கையெழுத்துப் போட்டார். மகள் வளர்ந்து, அவற்றை நிறுத்தக் கோர்ட்டுக்குப் போனார். தாயின் கையெழுத்து மகளையும் கட்டும் என்று 1983-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடையில், 1978-ல், விபச்சார விடுதியில் வளரும் சிறுமியாக ‘ப்ரெட்டி பேபி’ படத்தில் நடித்தார். அதற்கும் அம்மா சம்மதம்தான். படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் பரிசு வேறு!

நம்மூரில் நடிக்கும் பிள்ளைகளுக்கென்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் இருக்கின்றன: நாளைக்கு 5 மணி நேரம், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில். தயாரிப்பாளர்கள் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். என்ன ஷாட், எதற்காக என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யார் சொன்னீர்கள், ‘மாட்டேன்’ என்றால் நிறுத்துவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், மேனேஜரைக் கை காட்டுவார்கள். மறுபடி சொல்கிறேன்: நடித்த பிள்ளையின் வயதைக் கேளுங்கள்.

கே: அப்படியானால் இந்த விஷயத்தைப் படமே எடுக்கக் கூடாதா?

ப: யார் சொன்னது? ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட சிறுமியாக நடித்தபோது நடிகை ஜோடி ஃபாஸ்டருக்கு 12 வயது. சங்கடமான சில ஷாட்களில் அவருக்குப் பதிலாக நின்றது வயது வந்த அவருடைய சொந்த அக்கா. 1976 படத்திலேயே முடிந்திருக்கிறது.

கே: கண்டிப்பதற்காக ஒரு காட்சியை வெட்டி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். தப்பா?

ப: தப்பு. முதலில் அழியுங்கள். குழந்தை ஆபாசப் பதிவுகளைச் சும்மா வைத்திருப்பதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் காட்சி அந்த வரம்பில் வருமா என்பதை வக்கீலுக்கு ஃபீஸ் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம். படத்தின் பெயரைச் சொல்லித் திட்டுங்கள், போதும்.