எதில் வாசிப்பது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனிப் பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், அதில்தான் வாசிக்கிறேன். இதுவரை கைபேசியில் வாசித்தேன். எழுத்து சிறியதாக இருப்பதாலும் இடையிடையே அழைப்பும் செய்தியும் வருவதாலும் ஒரு நாவலைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. இந்த ஆண்டு போனஸில் ஒரு கருவி வாங்கலாம் என்றிருக்கிறேன். டேப்லெட் வாங்கினால் பிள்ளையின் பாடத்துக்கும் ஆகும், படமும் பார்க்கலாம், வாசிக்கவும் வாசிக்கலாம் என்கிறான் தம்பி. உடன் வேலை செய்யும் தோழியோ கிண்டில் போன்ற மின்வாசிப்பான்தான் நல்லது என்கிறாள். டெலிகிராம் குழுக்களிலிருந்து இறக்கிய பிடிஎஃப் நூல்கள் ஏறத்தாழ 4,000 என்னிடம் உள்ளன. அவற்றை எதில் வாசிப்பது? டேப்லெட் கண்ணைக் கெடுக்குமா? காகிதத்தின் மணம் இல்லாமல் வாசிப்பது வாசிப்பாகுமா என்ற குழப்பமும் இருக்கிறது.

ம., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள ம.,

எதை வாங்கலாம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்துபோகும் அந்த 4,000 பிடிஎஃப். சில மாதங்களாக, தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தாக்கி இலவசமாக வைக்கும் இணையதளமான விக்கிமூலத்தில் ஒரு பழைய கட்டுரை நூலுக்கு மெய்ப்புப் பார்த்துவருகிறேன். ஸ்கேன் செய்த பக்கத்தின் படத்தையும், அதைப் பார்த்து இயந்திரம் எழுதித் தந்த பிழைமலிந்த வரிகளையும் அருகருகே வைத்து இரவுகளில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, தமிழ் வாசகர்கள் தம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் நூல்களைப் பற்றிச் சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்த களைப்பில் பேருந்தே உறங்கிக்கொண்டிருக்க, சூளகிரியையும் குருபரப்பள்ளியையும் கடந்து வரும் அந்த நேரத்தில் நீங்கள் விழித்திருந்து ஒரு நாவலை முடிக்கப் பார்க்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. பிள்ளையின் பாடத்துக்கும் வீட்டின் திரைப்படத்துக்கும் அதிலிருந்து பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணைப் பற்றியும் காகித மணத்தைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். எந்தத் திரையையும் இமைக்காமல் நெடுநேரம் பார்த்தால் கண் உலரும். அதற்கு மேல் ஐயம் இருந்தால் கண் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். மணத்தை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை புத்தகத் திருவிழா வரும்போது மட்டும் நல்ல புத்தகக் கடையைப் பார்க்கிற மாவட்டங்களில் இருந்துகொண்டு, காகிதத்தில் வந்தால்தான் வாசிப்பேன் என்று இருப்பது நமக்குக் கட்டாது.

உங்கள் கேள்விக்கு விடை: மின்வாசிப்பான். தம்பியின் கணக்கு, ஒரு பொருள் எத்தனை வேலைக்கு ஆகும் என்பதை வைத்துப் போடப்பட்டது. வீட்டுச் செலவுக்கு அது சரியான கணக்கு. ஆனால், கைபேசியில் உங்களால் ஒரு நாவலையும் முடிக்க முடியாமல் போனதற்கு அந்தப் பல வேலைகள்தான் காரணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டேப்லெட் அதே கைபேசியின் பெரிய வடிவம். மின்வாசிப்பானின் திரை வேறு வகையைச் சேர்ந்தது. மயிரிழை அகலமே உள்ள நுண்ணிய உறைகளுக்குள் கருப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்புலம் ஒன்றை மேலே இழுக்கும், மற்றதைக் கீழே தள்ளும். பக்கம் புரட்டும்போதுதான் அதற்கு மின்சாரம் தேவை, எழுத்து நின்றபடி நிற்பதற்குத் தேவையில்லை. ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வருகிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒளி கண்ணை நோக்கி வருவதில்லை. விளிம்பிலுள்ள விளக்கு எழுத்தின் மீது ஒளியைப் பரப்புகிறது. சன்னலோர வெயிலில் டேப்லெட்டில் உங்கள் முகமே தெரியும், இதில் எழுத்து இன்னும் தெளியும். சிறிய மின்வாசிப்பானின் எடை 200 கிராமுக்குள் இருக்கும். பத்து அங்குல டேப்லெட் ஏறத்தாழ அரைக் கிலோ. நின்றுகொண்டு போக நேரும் நாளில் இந்த வேறுபாட்டைக் கை உணரும்.

இங்கேதான் உங்கள் 4,000 கோப்புகள் குறுக்கே வருகின்றன. நம் நூல்களில் மிகுதியும் டெமி அளவில் அச்சாகின்றன. பக்கத்தின் உயரம் ஏறத்தாழ 21.5 செ.மீ. ஆறு அங்குல மின்வாசிப்பானின் திரை உயரம் 12 செ.மீ. அளவுதான். முழுப் பக்கத்தின் படத்தை அதற்குள் அடக்கினால் 11 புள்ளியில் அச்சான எழுத்து 6 புள்ளியாகச் சுருங்குகிறது, பேருந்தின் குலுக்கலில் அதை யாராலும் வாசிக்க முடியாது. 11 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும். அப்படியானால் டேப்லெட்தானே என்பீர்கள். பெரிய மின்வாசிப்பான்களும் இருக்கின்றன, விலைதான் உங்கள் போனஸுக்குள் அடங்காது. நடுகற்களின் படங்களும் கல்வெட்டுப் படிகளும் நிறைந்த தொல்லியல் நூல்களை வாசிப்பவராக நீங்கள் இருந்தால் நானும் டேப்லெட் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் வாசிப்பது நாவல். ஒரு நாவலை ஏன் படமாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

என் தாய்மாமன் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கிளை நூலகத்திலிருந்து நாயன்மார் கதைகள் போன்ற நூல்களைக் கொண்டுவந்து என் பாட்டிக்குக் கொடுப்பார். முதுமையில் பாட்டிக்குப் பார்வை மங்கியபோது உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொடுத்தார். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியின் முற்பாதியைப் படித்து, அதை நகர்த்திப் பிற்பாதிக்குப் போவதற்குள் பாட்டிக்கு முற்பாதி நழுவிவிடும். சில நாளில் கண்ணாடியையும் நூலையும் சேர்த்தே ஒதுக்கிவைத்துவிட்டார். அதன் பிறகு மாமா மண்டி முடிந்து வந்து, நீளமான கணக்கு நோட்டில் அந்தக் கதைகளைப் பெரிய பெரிய எழுத்தாகப் பெயர்த்தெழுதத் தொடங்கினார். பக்கத்துக்கு எட்டுப் பத்து வரிகள்தான் வரும். தவணை முடிந்ததும் நூலகத்தில் மறுபடி பதிந்துகொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவார். அச்சில் ஒரு பக்கமாக இருந்தது நோட்டில் நான்கு பக்கமானது. சொல்லில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. பாட்டி வாய்விட்டு வாசித்தார்.

மின்வாசிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தும்போது நிகழ்வது மாமா செய்த அதே வேலைதான். அங்கே நூல் எழுத்துகளாக இருக்கிறது. நீங்கள் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அமைகின்றன, பக்கங்கள் கூடுகின்றன. ஸ்கேன் பிடிஎஃபைப் பெரிதாக்கும்போது உங்கள் கையில் இருப்பது பாட்டியின் உருப்பெருக்கிக் கண்ணாடி. அந்தக் கோப்புக்குள் ‘அ’வும் இல்லை, ‘க’வும் இல்லை, பக்கத்தின் நிழற்படம் மட்டுமே இருக்கிறது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, அதைப் பார்வையற்ற ஒருவருக்கு மென்பொருளால் வாசித்துக் காட்டவும் முடியாது. தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் புறநானூற்றுக் கோப்பைத் திறந்து ‘நெல்லி’ என்று தேடிப் பாருங்கள். நம் தகடூரை ஆண்ட அதியமானை ஔவை வாழ்த்தும் 91ஆம் பாடலுக்கு நொடியில் போய்ச் சேரலாம். ஸ்கேன் செய்த பதிப்பில் முழு நூலையும் புரட்ட வேண்டும்.

இந்த வேறுபாட்டை நம்மில் பலர் உணராமலே இருக்கிறார்கள். கிண்டில் 2007இல் வந்தது; அதன் கடையில் தமிழ் நூல்கள் முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வாசகர்களுக்குக் கைக்கெட்டியது ஸ்கேன் பிடிஎஃப் என்பதால், மின்னூல் என்றாலே அதுதான் என்று பழகிவிட்டோம் என்பது என் எண்ணம். பழக்கத்துக்குக் காரணம் உண்டு, அதில் நீடிப்பதற்கு இல்லை.

உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 4,000 நூல்களை வாரத்துக்கு ஒன்றாக வாசித்தாலும் 77 ஆண்டுகள் ஆகும். இதை நூலகம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். மேலும், டெலிகிராமில் சுற்றுபவற்றுள் இன்று வாழும் எழுத்தாளர்களின் நூல்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சில நூறு படிகள் விற்பதற்கே திணறும் பதிப்பாளரிடம் வாங்கிய ஒற்றைப் படியை யாரோ ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்ப, அதை வாசிக்கக்கூடச் செய்யாமல் சேர்த்துவைத்திருப்பது அந்த எழுத்தாளருக்கு இருமுறை செய்யும் அநீதி. உழைப்புக்குக் கூலி குறைந்தால் என்னவாகும் என்பது தொழிற்சாலையில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை அழித்துவிடுங்கள். அவற்றுள் நீங்கள் உண்மையில் வாசிக்க விரும்புவது மின்னூலாக விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள், பெரும்பாலும் அச்சுநூலைவிட விலை குறைவு. இல்லையென்றால் மாவட்ட நூலகத்தில் கேளுங்கள், பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வாசகர் கேட்காததால்தான் பல பதிப்பகங்கள் இன்னும் மின்னூல் வெளியிடாமல் இருக்கின்றன.

மிஞ்சுபவை பழைய நூல்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமையாகிறது. அரசு நாட்டுடைமையாக்கியவை வேறு இருக்கின்றன. இவற்றுள் பலவற்றை மாமா போன்ற மனிதர்கள் எழுத்தாக மாற்றிவைத்திருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகத்தின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள், எழுத்துருக் குழப்பம் தீராத அந்தக் காலத்தில், சங்க நூல்களிலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல்கள்வரை கூலியில்லாமல் தட்டச்சிட்டார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆசிரியர்களே பொது உரிமத்தில் அளித்த நூல்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடியும் மின்னூல் வடிவமான ஈபப்பில் கிடைக்கின்றன. உங்கள் மின்வாசிப்பானுக்கு அப்படியே பொருந்தும். விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு: மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் பார்த்துச் சரி என்றது பச்சை. சிவப்பாகக் கிடக்கும் பக்கங்கள் மிக அதிகம். இயந்திரம் ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றி மாற்றி எழுதும், மங்கிய அச்சில் புள்ளியை விழுங்கிவிடும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களைக் கண்டால் தடுமாறும். அதைத் திருத்தக் கண் வேண்டும், தமிழ் தெரிந்த கண். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பின் அந்தப் பக்கத்தை எந்தப் பாட்டியும் எந்த அளவிலும் வாசிக்கலாம், எந்த மாணவரும் தேடலாம். ஸ்கேன்களைப் பகிர்ந்துகொண்டே இருக்கும் குழுக்களில் உள்ளவர்கள் ஆளுக்கொரு பக்கம் இதைச் செய்திருந்தால் தமிழ் இன்று இருக்கும் நிலையே வேறாக இருக்கும். எனக்கு ஆற்றாமையும் கோபமும் வருவது இந்த இடத்தில்தான்.

கருவி வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். ஒரு தமிழ்க் கோப்பை அதில் திறந்து, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவை உடையாமல் சேர்ந்து வருகின்றனவா, இடையில் புள்ளி வட்டம் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அந்தக் கருவி வேண்டாம். அடுத்தது, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று நான்கு சொற்களே அமையும். இருபுற ஓரத்தையும் நேராக்கும் அமைப்பு இருந்தால் சொற்களுக்கிடையே பெரிய பெரிய வெற்றிடங்கள் விழும். அமைப்பில் இடப்புறம் மட்டும் நேராக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். கிண்டில் வாங்கினால், ஈபப் கோப்பை அந்த நிறுவனத்தின் ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்பினால் மாற்றிக்கொள்ளும். கோபோ என்ற மற்றொரு மின்வாசிப்பான் ஈபப் கோப்பை நேராகவே திறக்கும்.

பிள்ளையின் பாடத்துக்கு டேப்லெட் உண்மையிலேயே தேவைப்பட்டால் அதைத் தம்பியும் நீங்களும் சேர்ந்து தனியாக வாங்குங்கள், அது வீட்டில் இருக்கட்டும். அழித்தது போக மிஞ்சும் ஸ்கேன்களில் பொதுவுடைமையான நூல் ஒன்றை, உங்களுக்குப் பிடித்ததாக, எடுத்துக்கொண்டு அது விக்கிமூலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதன் பக்கங்கள் சிவப்பாக இருந்தால், விடுமுறை நாளில் ஒரு பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எந்த நூல் என்று எனக்கு எழுதினால் இரண்டாவது மெய்ப்பை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.